டிட்டோஸை அழைத்து வரப் போனோம்

பென்டோ திரும்பி வந்த அன்று எங்கள் மகுலாமே ஊரே மருலா மரத்தடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. சண்டை ஓய்ந்த பிறகு வந்த முதல் மருலா பருவம் அது. அதற்கு முன்னால் எத்தனையோ வருடங்கள் பழம் உதிர்ந்து, பொறுக்க ஆளில்லாமல் மண்ணிலேயே அழுகிப் போனது. அந்த வருடம்தான் பெண்கள் துணிந்து கூடை கூடையாகப் பொறுக்கி வந்து, பிழிந்து, பானைகளில் புளிக்கப் போட்டிருந்தார்கள். குடித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். சிரித்துப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

உச்சிவெயிலில் ஆற்றுப் பாதையிலிருந்து ஒருவன் வந்தான்.

பேச்சு நின்றது அவனைப் பார்த்து அல்ல, அவன் வந்த வழியைப் பார்த்து. அது கண்ணிவெடி புதைத்த பாதை. அந்தப் பக்கம் போன மாடுகள் திரும்பியதில்லை. விறகுக்குப் போன ஒருத்தி ஒரு காலோடுதான் திரும்பினாள். அந்தப் பாதையில் ஒருவன் சாதாரணமாக நடந்து வருகிறான் என்றால், வெடியைப் புதைத்தவர்களில் அவனும் ஒருவன் என்று அர்த்தம்.

பட்டாளக் காற்சட்டை, கிழிந்த சட்டை, வெறுங்கால். ஊர் எல்லையில் நின்றுவிட்டான். முகத்தில் மீசை அரும்பியிருந்தாலும் அந்தத் தூக்கின தோள்பட்டையை வைத்து அவன் அம்மா செலெஸ்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"பென்டோ. என் புள்ள."

ஓடினாள். என் மனைவி அல்சிரா கனமான உடம்புக்காரி. எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அன்றைக்கு எப்படி எழுந்தாளோ தெரியாது, பாய்ந்து போய் செலெஸ்தேயின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துவிட்டாள்.

"தொடாத செலெஸ்தே. இப்பத் தொடாத."

"என் புள்ளடி. விடுடி என்னை."

"உன் புள்ளதான், நான் இல்லைங்கல. அவன் பின்னால செத்தவங்க யாரெல்லாம் வந்து நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத் தொடு."

செலெஸ்தே அவள் கையைக் கடித்தாள். அல்சிரா விடவில்லை.

அல்சிராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ந்யாமுசோரோ என்றால் எலும்பு போட்டுப் பார்க்கிறவள், மருந்து கொடுக்கிறவள், செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிறவள். நான் எல்லை தாண்டி ஜோனி நகரத்துக்குத் தங்கச் சுரங்க வேலைக்குப் போகும்போது வீட்டில் சாதாரண மனைவியைத்தான் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் மேளம் கட்டித் தொங்கியது, முற்றத்தில் வரிசை நின்றது. அவள் வீட்டு முன்னோர் அவளைப் பிடித்துக்கொண்டார்களாம். "என்னைக் கேக்கலையே," என்றேன். "அவங்க என்னையே கேக்கல," என்றாள். அடக்கம் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதி. குணமானவன் சொல்லாமல் போய்விட்டால் கூப்பிட்டு நிறுத்தி, "யார் கை மருந்துடா அது?" என்று கேட்பாள்.

செலெஸ்தே கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் எழுந்தார். பிலா. ஜோனியில் ஒரே அறையில் மேல் படுக்கை அவருக்கு, கீழ்ப் படுக்கை எனக்கு. ஊரில் எனக்கு அவரைவிட நெருக்கமான ஆள் கிடையாது. அவர் குடுவையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். வெட்டுக்கத்தி கூரையில் செருகியிருக்கும்.

பிலாவின் ஒரே மகன் டிட்டோஸ். அவனும் பென்டோவும் ஒன்றாய் மாடு மேய்த்தவர்கள். அரசாங்கத்தோடு சண்டை போட்ட காட்டுப்படை ஊருக்குள் புகுந்த அன்று இரண்டு பேரையும் தானிய மூட்டை சுமக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களோடு பிடிபட்டுத் தப்பி வந்த ஒருத்திதான் செய்தி கொண்டுவந்தாள். டிட்டோஸ் வழியிலேயே முடிந்துபோனான். முடித்தது யார் கை என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிலா ஒரே வார்த்தைதான் சொல்லிவந்தார்: அவன் இந்த மண்ணில் கால் வைக்கட்டும்.

கால் வைத்துவிட்டான்.

பிலா கத்தியோடு வந்தபோது அல்சிரா பென்டோவின் முன்னால் நின்றிருந்தாள். இடுப்பில் கட்டிய கப்புலானா துணி அவிழ்ந்து பாதி தரையில் கிடந்தது. அதை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டே பேசினாள்.

"பிலா அண்ணே, வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. இவன் செத்துட்டா, டிட்டோஸ் எங்க கிடக்கான்னு யாருகிட்டக் கேப்பீங்க?"

பிலா நின்றார். நான் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"கைய எடு எலியாஸ்," என்றார். "உன் பொண்டாட்டி யார் பக்கம்னு பாத்துட்டு அப்புறம் வா."

"நான் டிட்டோஸ் பக்கம்," என்றாள் அல்சிரா.

அவர் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாதையில் எதிரே பார்த்தால் புதரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எனக்கு அது சுரங்கத்தில் காற்று நின்றுபோன மாதிரி இருந்தது.

பென்டோவை ஊருக்கு வெளியே பழைய மாட்டுப்பட்டியில் தங்கவைத்தாள். கொன்றவன் அப்படியே வீட்டுக்குள் வந்தால் வீடு தாங்காது. எங்களில் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. செலெஸ்தே வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சோளக்களியைத் தட்டில் வைத்தால் தொடமாட்டான். மண்ணில் இலையைப் போட்டு வைத்தால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அள்ளித் தின்பான். படுத்துத் தூங்குவதில்லை. உட்கார்ந்தபடி கண்ணை மூடுவான், உடனே முழித்துக்கொண்டு யாருக்கோ பதில் சொல்வான். ஓயாமல் இருமினான்.

அல்சிரா அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஜோனிக்காரரே, சைக்கிளை எடுங்க. இருமல் என் வேலை இல்ல. நர்ஸுகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"நீ மருந்து தரமாட்டியா?"

"தருவேன். எனக்குத் தெரிஞ்சதுக்குத் தருவேன். சுரங்கத்துல இருந்து வந்தவங்க இப்படித்தான் இருமி இருமிச் செத்தாங்க. அதுக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்கு. எங்கிட்ட இல்ல."

சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனேன். நர்ஸ் கறாரான ஆள், ஆனால் அல்சிரா என்றால் அவனுக்கு மரியாதை. சோதித்துவிட்டு மாத்திரை கொடுத்தான். நிறைய மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றான். "நெஞ்சை நான் பாத்துக்கறேன்," என்றான் என்னிடம் தனியாக. "இவன் தூங்காம யாரோடவோ பேசறானே, அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. அக்காகிட்டச் சொல்லுங்க." அந்த வார்த்தையைத் திரும்பி வரும்வரை நான் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தேன்.

அல்சிரா பட்டியின் வாசலில் பாய் விரித்து எலும்பு போட்டாள். ஆட்டின் கணுக்கால் எலும்புகள், சோழிகள், ஆமையோட்டுத் துண்டு. முதலில் மூக்குப்பொடி கொஞ்சம் மண்ணில் தூவி முன்னோருக்குக் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் உள்ளங்கையில் குலுக்கி வீசினாள். ஒரு எலும்பு பாயைத் தாண்டிப் போய் மண்ணில் விழுந்தது. மறுபடி எடுத்து வீசினாள். அதே எலும்பு, அதே மாதிரி வெளியே விழுந்தது.

"டிட்டோஸ் வெளியே இருக்கான்," என்றாள். "வீட்டுக்கு வர முடியாம வெளியே நிக்கிறான். வழி தெரியல. வழி தெரிஞ்ச ஒரே ஆள் முதுகுல தொத்திக்கிட்டு வந்துட்டான்."

பென்டோ முதன்முறையாக வாயைத் திறந்தான். "அவன்தான் அக்கா கூப்பிடறான். தண்ணி கேக்கறான்."

அல்சிரா அன்றே பிலாவின் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். பிலா முற்றத்தில் மண்வெட்டிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு உட்கார இடம் காட்டவில்லை. அல்சிரா தானே ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி. அது என் பொண்டாட்டி உரல்," என்றார் பிலா.

"அண்ணி இருந்திருந்தா எனக்குப் பாயே போட்டிருப்பாங்க. நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போறேன். டிட்டோஸ் இன்னும் காட்டுல நிக்கிறான். யாரும் போய் முள்ளுக்கிளை வச்சு வீட்டுக்குக் கூப்பிடல."

"எங்க போய்க் கூப்பிடறது? வழியெல்லாம் வெடி."

"வழி தெரிஞ்சவன் பட்டியில உக்காந்திருக்கான்."

பிலா செதுக்குவதை நிறுத்தினார். "என் புள்ளயக் கொன்னவன் பின்னால நான் நடக்கணுமா?"

"நடக்க வேண்டாம்னா வேண்டாம். அவனுக்கு நான் மட்டும் தனியா மருந்து செய்ய முடியாது. டிட்டோஸ் வீட்டுக்கு வராம பென்டோவும் வீட்டுக்கு வர முடியாது. ரெண்டு பேரும் காட்டுலதான். உங்க புள்ள எத்தனை நாள் அங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"இவன் பொய் சொல்லி வெடியில விட்டுட்டா?"

"முன்னால நடக்கப்போறவன் அவன்தான் அண்ணே."

பிலா என்னைப் பார்த்தார். வெகுநாள் கழித்து நேராகப் பார்த்தார். "நீயும் வருவியா?" என்றார்.

"மேல் படுக்கைக்காரன் போனா கீழ்ப் படுக்கைக்காரன் வராம இருப்பானா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் புதரைப் பார்க்கவும் இல்லை.

காலை வெயில் ஏறும் முன்னே கிளம்பினோம். ஊரே எல்லையில் வந்து நின்றது. அல்சிரா சிவப்புத் துணி போர்த்தி, மணிமாலைகளைக் குறுக்கே போட்டிருந்தாள். யார் யார் எந்த வரிசையில் நடப்பது என்று அவள்தான் முடிவு செய்தாள். முதலில் பென்டோ, அவன் பின்னால் பிலா, பிறகு அவள், கடைசியில் நான். பிலாவின் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. செத்தவனை அழைத்து வரும் கிளையை வெட்ட அது வேண்டும். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் அவள் காதில் சொன்னேன். "நீ அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போயேன்."

"நான் நடுவுல போனா அண்ணன் என் முதுகைத்தான் பாப்பாரு. அவர் அந்தப் பையன் முதுகைப் பாக்கணும். வாயை மூடிட்டு அவங்க கால் வச்ச இடத்துல கால வைங்க."

அப்படியே நடந்தோம். பென்டோ மெதுவாகப் போனான். நிற்பான், ஒரு மரத்தைப் பார்ப்பான், ஒரு கல்லைப் பார்ப்பான், குச்சி ஒடித்துக் குறுக்கே வைப்பான். "இதுக்கு வலப்பக்கம் வேண்டாம்," என்பான். பிலா அந்தக் குச்சியைத் தாண்டும்போது அவன் பாதம் பதிந்த குழியிலேயே தன் பாதத்தை வைப்பார். பெரிய பாதம் அவருக்கு. விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன்னால் போகும் கழுத்து அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. நான் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நடந்தேன், வெடியைக்கூட மறந்துவிட்டேன்.

ஆறு நெருங்கும் இடத்தில் பென்டோ நின்றுவிட்டான். வெகுநேரம் நகரவில்லை.

"என்ன?" என்றாள் அல்சிரா.

"வெள்ளம் வந்திருக்கு அக்கா. மண்ணு நகர்ந்திருக்கு. இங்க ஒண்ணு வச்சோம். எங்க போச்சுன்னு தெரியல." அவன் குப்புறப் படுத்தான். கையை மண்ணில் வைத்துத் தடவினான். குச்சியால் குத்திப் பார்த்தான், குச்சி ஒடிந்தது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்.

"கத்தி வேணும்."

பிலா குனிந்து அந்த நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அல்சிராவைப் பார்த்தேன், ஏதாவது சொல்லுவாள் என்று. அவள் வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற என் மனைவி அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் பேச வேண்டியது தான் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவன் முதுகு முழுசாகத் திறந்து கிடந்தது. பிலாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

பிலா கத்தியைத் திருப்பிப் பிடித்தார். பிடியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

பென்டோ கத்திமுனையைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு எடுத்தான், மறுபடி விட்டான். அங்குலம் அங்குலமாக ஊர்ந்தான். ஒரு இடத்தில் கத்தி எதிலோ முட்டியது. அதைச் சுற்றி மண்ணை விரலால் ஒதுக்கி, எங்களுக்குக் காட்டி, தன் கிழிந்த சட்டையைக் கழற்றி அதன் பக்கத்துப் புதரில் அடையாளமாகக் கட்டினான். பிறகு எழுந்து, கத்தியைத் துடைத்து, பிடி முன்னால் இருக்கும்படி பிலாவிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

காட்டு அத்திமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பென்டோ விலகி நின்றான். வேர்களுக்கு நடுவே சருகு மூடிக் கிடந்தது. அல்சிரா மண்டியிட்டுச் சருகை விலக்கினாள். எலும்புகள். அவற்றின் நடுவே மக்கிப்போன தோல்வாரும் பித்தளைக் கொக்கியும். அந்த பெல்ட் நானும் பிலாவும் சேர்ந்து ஜோனிக் கடைத்தெருவில் தேடி வாங்கியது. பையனுக்கு இடுப்பு எவ்வளவு இருக்கும் என்று என் இடுப்பில் போட்டுப் பார்த்துச் சிரித்தார் அன்றைக்கு. பிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அல்சிரா பென்டோவைக் கூப்பிட்டாள். "வா. நடந்ததைச் சொல்லு. அவர் கேக்கணும், டிட்டோஸும் கேக்கணும்."

அவன் சொன்னான். டிட்டோஸுக்குக் காலில் காயம். மூட்டையோடு நடக்க முடியவில்லை. இந்த மரத்தடியில் விழுந்தான். படைத்தலைவன் பென்டோ கையில் ஒரு கட்டையைக் கொடுத்தான். ஒரே ஊர்தானே, நீயே முடி, இல்லையென்றால் இரண்டு பேரும் என்றான். "செஞ்சேன்," என்றான் பென்டோ.

பிலா தலை குனிந்தபடியே கேட்டார். "ஏதாவது சொன்னானா?"

"சொன்னான்."

"என்ன?"

"'கண்ணை மூடிக்கடா பென்டோ'ன்னு சொன்னான்."

பிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சுரங்கத்தில் மண் சரிந்தபோதுகூட மனிதர்களிடம் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அல்சிரா அவரைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கிறவரை மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பென்டோ நின்ற இடத்திலேயே நின்றான். தோள்பட்டை இறங்கியிருந்தது.

செத்தவரை வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு மரம் இருக்கிறது. இலந்தை இனம்; ஒரு முள் நேராகவும் அடுத்த முள் கொக்கி போலவும் இருக்கும். வழியிலேயே பார்த்து வைத்திருந்தாள் அல்சிரா. பிலா தானே போய் ஒரு கிளையை வெட்டிவந்தார். அதை எலும்புகள் கிடந்த இடத்தில் படுக்க வைத்தார்.

"கூப்பிடுங்க," என்றாள்.

"டிட்டோஸ்," என்றார் பிலா. கிளையின் மேல் குனிந்தார். "டிட்டோஸ், அப்பா வந்திருக்கேன்டா. லேட்டாயிடுச்சு. எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி நான் தூக்கிக்கொண்டேன். கிளையைப் பிலா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கிளை சுமப்பவர் வழியில் மனிதர்களோடு பேசக்கூடாது. செத்தவரோடு மட்டும்தான் பேசலாம். வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் அவர் பாதியில் நின்றுவிடுவார். அதனால் திரும்பும் வழி முழுக்க நாங்கள் கேட்டது பிலாவின் குரலை மட்டும்தான்.

"இப்ப மேடு ஏறப்போறோம்டா... இங்க பாத்து வா, சட்டை கட்டியிருக்கு பாரு, அந்தப் பக்கம் போயிடாத, வெடி இருக்கு... அப்பா கால் வச்ச இடத்துலயே வை..."

எனக்கு முன்னால் அல்சிராவின் தோள்கள் குலுங்கின. அவள் அழுது நான் பார்த்தது அதிகமில்லை. முதுகுப் பக்கம் இருந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஊர் எல்லையில் எல்லோரும் குந்தியிருந்தார்கள். கிளை வருவதைப் பார்த்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் கைகளை மெதுவாகத் தட்டினார்கள். பிலா தன் வீட்டுக்குள் போய், டிட்டோஸ் படுத்த பாயில் கிளையை வைத்து, "இதுதான் நம்ம வீடு, படு," என்றார். பிறகு வெளியே வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் எலும்புகளோடு கிளையையும் வைத்துப் புதைத்தோம். ஆடு வெட்டி ஊரே சாப்பிட்டது.

பென்டோவைச் சண்டையிலிருந்து கழுவி எடுக்கும் சடங்கு மிச்சமிருந்தது. அதற்கு வேலை எனக்குத்தான். ஜோனியிலிருந்து வந்த பிறகு எத்தனையோ வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். எரிப்பதற்கென்று வீடு கட்டியது அதுதான் முதல் தடவை. ஊருக்கு வெளியே, காய்ந்த புல்லால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குடிசை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். "எலியாஸ், வாசலுக்குக் கதவு வைக்கலையா?" "ஜன்னல் எந்தப் பக்கம்?" நான் புல்லை அழகாகச் சீவிக் கட்டினேன். எரியப்போவது என்பதற்காகக் கோணலாகக் கட்ட எனக்குக் கை வராது.

பட்டாளக் காற்சட்டையோடு பென்டோ உள்ளே உட்கார்ந்தான். அல்சிரா அவனிடம் சொல்லியிருந்தாள்: "தீ வச்சதும் உங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவா. கூப்பிட்டதும் ஓடி வா. அந்தத் துணியைத் தீயிலயே விடு. திரும்பிப் பாக்காத."

மேளம் முழங்கியது. தீ வைத்தாள். காய்ந்த புல் சட்டென்று பிடித்தது.

"பென்டோ," என்று செலெஸ்தே கூப்பிட்டாள்.

அவன் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள், கத்தினாள். உள்ளே உட்கார்ந்திருந்த உருவம் அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். நான் ஓடப் பார்த்தேன். அதற்குள் அல்சிரா சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த உடம்போடு வாசலுக்குள் நுழைந்துவிட்டாள். நான் கட்டின வாசல் அவளுக்குப் போதாது. குடிசையையே பிளந்துகொண்டு போனாள். அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள். எரிகிற துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவன்மேல் மூலிகைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள்.

"செத்துப்போலாம்னு உக்காந்திருந்தியாடா?" என்றாள். "ஒருத்தனை வீட்டுக்குக் கொண்டு வந்தோம்ல. ரெண்டாவது ஆளைப் புதைக்க எங்களுக்குத் தெம்பு இல்ல. எந்திரி."

அவன் எழுந்தான். குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். திரும்பிப் பார்க்கவில்லை. மூலிகைப் புகை போட்டு, தண்ணீர் ஊற்றி, புதுத் துணி கட்டிய பிறகு அல்சிரா செலெஸ்தேயைப் பார்த்துத் தலையாட்டினாள். "இப்பத் தொடு."

செலெஸ்தே மகனைத் தொட்டதை நான் எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அல்சிராவுக்கு இரண்டு புருவமும் கருகிப் போயிருந்தன. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள். "எப்படி இருக்கேன்?" என்றாள்.

"உரிச்ச முட்டை மாதிரி."

"அழகான முட்டையா?"

"இந்த ஜில்லாவிலேயே அழகான முட்டை," என்றேன். பொய் சொல்லவில்லை.

குடிசை எரிந்தபோது பிலா தள்ளி, தன் வயல் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. பென்டோவிடம் அதற்குப் பிறகும் நேராகப் பேசவில்லை. களை எடுக்கும் பருவத்தில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார். போகும்போது சொன்னார்: "என் சோள வயல்ல களை மண்டிக் கிடக்கு. செலெஸ்தே புள்ளகிட்டச் சொல்லு, அந்தக் கோடியில இருந்து எடுத்துட்டு வரட்டும். நான் இந்தக் கோடியில இருந்து எடுப்பேன்."

"நடுவுல சந்திச்சா?"

"சந்திச்சா என்ன, கடிச்சா தின்னுடுவேன்? அவன் அவன் வரிசைல போகட்டும்."

அப்படித்தான் களை எடுத்தார்கள். நடுவில் சந்தித்தபோது பிலா நிமிராமல் தண்ணீர்க் குடுவையைத் தரையில் அவன் பக்கம் நகர்த்தி வைத்தார் என்று செலெஸ்தே சொன்னாள். பென்டோ குடித்துவிட்டு நகர்த்தி வைத்தானாம். நெஞ்சு இருமலும் நின்றது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் கொடுத்தது அல்சிராதான். "விழுங்கினியா? நாக்கைக் காட்டு," என்று ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேட்பாள். கண்ணிவெடி எடுக்க வந்தவர்களுக்கு ஆற்றுப் பாதையில் வெடி இருந்த இடங்களைக் காட்டியது பென்டோ. இப்போது அந்தப் பாதையில் பெண்கள் தண்ணீருக்குப் போகிறார்கள்.

செய்தி எப்படிப் பரவியது என்று தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தும், ரயில் பாதை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பிள்ளை திரும்பி வந்துவிட்டான், ஆனால் வரவில்லை என்றார்கள். அரசாங்கப் பட்டாளத்திலிருந்து வந்தவன், காட்டிலிருந்து வந்தவன் என்று அல்சிரா பிரித்துப் பார்க்கவில்லை. "தீக்கு ரெண்டு துணியும் ஒண்ணுதான்," என்பாள். அந்தப் பக்கத்து வைத்தியர்களையும் கூட்டி உட்கார வைத்தாள். யார் எந்த ஊரைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஊர் ஊராக அவர்களாகவே போய்ச் செய்தார்கள். சண்டையை நிறுத்திக் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை முடித்துவைத்தது இவர்கள்தான் என்று நான் யாரிடமும் சொல்லுவேன்.

முதன்முதலாக ஆற்றைத் தாண்டிக் கூப்பிட்டபோது அவள் யாரை அழைத்துக்கொண்டு போனாள் தெரியுமா? பிலாவை. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் ஒவ்வொரு ஊரிலும் இருந்தான். கத்தியைக் கூரையில் செருகி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனிடம் பேச அவளால் முடியாது, பிலாவால் முடியும்.

"நான் என்னத்தைப் பேசறது?" என்றார் பிலா.

"ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல போய் உக்காருங்க. கேட்டா, டிட்டோஸைக் கூட்டிட்டு வந்த கதையைச் சொல்லுங்க."

கிளம்பிய அன்று பெண்கள் ஊர் எல்லை வரை பாடிக்கொண்டே வந்தார்கள். செலெஸ்தே எல்லோருக்கும் முன்னால் ஆடினாள். அல்சிரா சிவப்புத் துணியும் மணிமாலையுமாக, முளைத்தும் முளைக்காத புருவத்தோடு, ராஜாத்தி மாதிரி நடந்தாள். பிலா அவள் மேளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் புல் அறுக்கிற அரிவாளோடு அவர்களுக்கு முன்னால் போனேன். அங்கே போய் முதலில் குடிசை கட்டியாக வேண்டும், இந்தத் தடவை வாசலைப் பெரிசாக.